கூட்டல்

எங்கள் வீட்டுக்கு இரண்டு பெயர்.
வரி ரசீதில் 14/3, பனைமரத்தொட்டி, குறுக்குச் சந்து.
குழாயடியில் செயிலு வூடு.

யார் போனது, எதற்கு, எந்த வருஷம்,
ஒருவருக்கும் தெரியாது.
தெரியாததால் அந்தச் சொல் மழுங்கவேயில்லை.
எத்தனை பெரிய சண்டையிலும்
அந்த இடம் வந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு
காசிமேட்டுப் பக்கம் நடந்துவிடுவார்.

கொலையாகத்தான் இருக்கும் என்று
சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன்.
ஹார்பரில் ஒரு துரையை, மூட்டைக் கொக்கியால்.
ராத்திரிகளில் அந்தத் துரைக்கு மீசை வைத்தேன்.
கூட ஒரு நாயும் கொடுத்தேன்.
நாற்பத்தோரு வயதில்,
அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த வாரம்,
கொலைகாரனைத் தேடிக் கிளம்பினேன்.

பாரிமுனைக்குப் பின்னால் பழைய கோர்ட்டு ரிக்கார்டு அறை.
கமலநாதன் என்றொரு உதவியாளர்.
"சொத்து கேஸா?"
இல்லை.
"அப்புறம் எதுக்கும்மா இந்தத் தூசு?"

பதினோரு செவ்வாய்க்கிழமை, சம்பளம் பிடித்த லீவு.
பக்கத்தைத் திருப்பினால் ஓரம் அப்பளமாக உதிரும்.
மசூலாப் படகுக்காரன், அபராதம் எட்டணா.
கள் குடித்துக் கலாட்டா, ஆறு கசையடி.
வண்ணாரப்பேட்டையில் திருட்டுப்போன கழுதை.
கழுதை கிடைத்ததா என்று தேடி
ஒரு மத்தியானம் போனது.

பன்னிரண்டாவது செவ்வாய்,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு, பிப்ரவரி.
நம் கணக்கில் தாது வருஷத்து மாசி.
சாய்ந்த இங்கிலீஷில் ஒரு பெயர்.
சீ, யூ, என், என், ஈ...
எழுத்துக் கூட்டினேன், வாய்க்குள் இரண்டு தரம்.
கன்னியம்மா.
வசிப்பு: பனைமரத்தொட்டி அருகே குடிசை.
இடம்: ராயபுரம் ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை.
குற்றம்: மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைக் கூட்டி எடுத்தது.
அளவு: அரைப்படி, மண்ணோடு.
ஏழு நாள்.
கூடவே கைக்குழந்தை, பெண். அதற்குத் தனிப்படி இல்லை.

அவ்வளவுதான்.
அதற்கு முந்தைய தாளிலும் அவள் இல்லை,
பிந்தைய தாளிலும் இல்லை.

நான் மணலியில் எடைமேடையில் உட்காருகிறவள்.
லாரியைக் கழித்து, தார்ப்பாயைக் கழித்து,
சரக்கை மட்டும் எழுதுவது என் பிழைப்பு.
மண்ணோடு என்ற அந்த ஒரு வார்த்தையை
என்னால் தாண்ட முடியவில்லை.
மண்ணைக் கழித்தால் எத்தனை பிடி?
அரித்து, களைந்து, உலையில் போட்டால்
ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணுமா?
போட்டிருக்க மாட்டாள். சாட்சிப் பொருளென்று
அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பொய் சொல்வானேன், கொஞ்சம் ஏமாற்றம்தான்.
துரையும் நாயும் போனார்கள்.
அரைப்படிக்காக அப்பா
ஐம்பது வருஷம் சட்டையை மாட்டியிருக்கிறார்.

"உங்காளுதான்னு என்ன ருசு?" என்றார் கமலநாதன்.
"பஞ்சத்துல எத்தனை கன்னியம்மா."
ருசு இல்லை.
அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை.
நோட்டை மூடப் போனவர் ஓரக்குறிப்பில் விரல் வைத்தார்:
பகல் பதினொரு மணி. காவலாளி நிற்கும்போதே.
ஓட முயலவில்லை.

தங்கசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது.
தெருவில் ஜனம் சுருண்டு விழுந்த அந்த மாசியில்
தினம் தவறாமல் கஞ்சி ஊற்றிய இடம் எது?
பால் வற்றிய ஒருத்தி, விளக்குமாறோடு,
காவலாளியின் கண்ணெதிரே,
எவ்வளவு நிதானமாகக் கூட்டியிருப்பாள்.

நேற்று குழாயடியில் வரிசைத் தகராறு.
எதிர்வீட்டு எஸ்தர்பாய் வழக்கம்போல
அந்தச் சொல்லை எடுத்து வீசினாள்.
"ஆமா," என்றேன். "ஏழு நாளு. அரைப்படி. மண்ணோட."
அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
நிரம்பிய குடத்தை
இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.