விட்டுப்போன வரிசை

பிப்ரவரி இருபதுக்குள் போட்டுவிட வேண்டும்,
மண் சூடேறி விதை கண்விழிக்கும் முன்.
முளைத்த பிறகு போட்டால் காசுக்குக் கேடு
என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்
மஞ்சள் குருணையில் ஒரு மூட்டை.

மேற்கு ரிஃபாவில் வாடகை வில்லா.
ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து:
புல்தரை களையின்றி இருக்கும்.
அடியில் லாரியில் வந்த மணல்,
மேலே ஆட்டுப்புழுக்கை உரம்.
களை வந்ததே அந்த உரத்தோடுதான்,
அதற்கு ஷரத்து கிடையாது.

குழந்தை வண்டி மாதிரி ஒரு கருவி.
கைப்பிடியில் நெம்பு,
பிடித்தால் வாய் திறக்கும், விட்டால் மூடும்.
சக்கரம் உருள உருளக்
குருணை பட்டையாய் விழும், இரண்டடி அகலத்தில்.
ஆறு வரிசை பிசகாமல் போனேன்.

ஏழாவதில் போன் அடித்தது.
செம்புலிங்கம்.
பத்து வருஷத்துக்கு முன் என் விசாவுக்காக
ஏஜெண்டிடம் எண்பதாயிரம் கட்டியவன்.
பாதி திருப்பினேன்.
மீதியை அவன் கேட்டதில்லை,
கேட்காததால் நானும் பேசியதில்லை.

அன்றும் அதைக் கேட்கவில்லை.
ரோட்டை அகலமாக்கக் கடையை இடிக்கிறார்களாம்.
"ஒரு நாப்பது, கைமாத்தாத்தான்டா" என்றான்.
அவன் பணத்தையே
கைமாத்து என்று கேட்டான்.

இங்க சம்பளமே தள்ளித் தள்ளித்தான் வருது,
பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் வேற, என்றேன்.
இருபத்தெட்டாம் தேதி ஒருமுறையும் தவறியதில்லை.
நின்று நின்று நடந்திருக்கிறேன்.
ஒரு கையில் போன்,
மறு கை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது,
விரல்கள் நெம்பை விட்டிருந்தன.
"சரி பரவால்ல, உடம்பப் பாத்துக்கோ"
என்று அவன் வைத்தபோது
வரிசை முடியப்போகும் தறுவாய்.

சாயங்காலம் தண்ணீர் விட்டேன்,
மருந்து மேல்மண்ணில் பாயாய் விரியும் அளவுக்கு.
இனி கிளறக்கூடாது, கொத்தக்கூடாது,
மூன்று மாதம் எந்த விதையும் தூவக்கூடாது.

ஏப்ரல்.
பக்கத்து வீட்டுக்காரர் மதிலேறிப் பார்க்கும் புல்.
நடுவில் மட்டும்
மூன்றாம் அடியில் தொடங்கி
ஸ்பிரிங்க்ளர் தலைவரைக்கும்
சிவந்த தண்டோடு பருப்புக்கீரை.
டேப் வைத்து அளந்தேன், எதற்கென்று தெரியாது:
ஏழு மீட்டர் இருபது.
தொடக்கத்தில், டேய் எப்படி இருக்க.
அடர்ந்து கிடக்கிற இடத்தில் என் சம்பளம்.
நுனியில் இரண்டே இலை, உடம்பப் பாத்துக்கோ.

வாடகைக்கு வந்தார் அபு மிஷால்.
எனக்குப் பதினோராவது ஷரத்து நெற்றியில் வேர்த்தது.
அவர் குனிந்தார். கிள்ளினார்.
பர்பீர்! என்று முகம் மலர்ந்து வாயில் போட்டார்.
எந்த வரிசையில் மருந்து, எதில் இல்லை
என்று விளக்க என் அரபி எட்டாது.
தவா, தவா என்று கத்தினேன்.
துப்பினார்.
வீட்டிலேயே முளைத்தும் வீணாப்போச்சே
என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.
களையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
சுலபமாக வந்தது, வேரோடு,
அரைமணி நேர வேலை.

மூட்டையின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது,
இப்போதுதான் படித்தேன்:
கோரைக்கு இது வேலை செய்யாது.
அது விதையை நம்பி இருப்பதில்லை,
கீழே கிழங்கு வைத்திருக்கிறது.
நேற்று பார்த்தேன், மூன்றாவது வரிசையில்,
ஒரு குருணையும் தப்பாமல் நான் போட்ட இடத்தில்,
முக்கோணத் தண்டாய் ஒன்று.

செம்புலிங்கம் அப்புறம் கூப்பிடவில்லை.
நாற்பதாயிரத்தை தினாரில் போட்டுப் பார்த்தேன்.
நூற்றெழுபது சொச்சம்.
போனைப் புல்லில் வைத்துவிட்டுக்
கோரையைப் பிடித்து இழுத்தேன்.
மேலே இருந்தது மட்டும் கையோடு வந்தது.