பதினாலு என்றால் பன்னிரண்டு

டுலூத் நகரில் ஏரி பாறையாய் இறுகிய ஜனவரி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.
தாதுக் கப்பல்துறைக்குப் பளு பார்க்கும் இன்ஜினியர்
ஆர்விட் ஹெக்லண்ட்
இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை.
மகள் சோல்வெய்க் வாசலிலேயே சொல்கிறாள்:
"ஏழும் ஐந்தும் பதினாலு."

"பன்னிரண்டு."

"அது பத்து விரல்காரர்களுக்கு, அப்பா.
இது எட்டு விரல்காரர்கள் ஊர்.
அதையும் பதினாலு என்று படிக்கக் கூடாதாம்,
ஒன்று, நாலு என்று படிக்கணுமாம்."

எட்டு விரல்காரன் ஒருத்தனை அவருக்கே தெரியும்.
துறையில் வின்ச் ஓட்டும் எய்னோ.
மீதி இரண்டை வின்ச் வாங்கிக்கொண்டது.
வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை
அவன் பத்துப் பத்தாகத்தான் எண்ணி வாங்குகிறான்.
ஒரு டாலர் குறைந்தால்
ஏரிக்கு அக்கரையில் கேட்கும்.

சாப்பாட்டு மேஜையில் பாடம் தொடர்ந்தது:
கரண்டிகள் ஒரு கணம்.
முள்கரண்டிகளோடு சேர்த்தால் சேர்ப்புக் கணம்.
ஒன்றுமே இல்லாதது வெற்றுக் கணம்,
அதுவும் கணம்தான்.
"தட்டில் பட்டாணி வெற்றுக் கணம் ஆகும்வரை
நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே" என்றாள் டோரீன்.
புதுக் கணிதம் அந்த வீட்டில்
உபயோகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆர்விட் பள்ளிக்குக் கடிதம் போட்டார்,
வரைபடத்தில் எழுதுகிற கட்டை எழுத்தில்:
"என்னிடம் ஸ்லைடு ரூல் இருக்கிறது.
மூன்று இலக்கம் சொல்லும். புள்ளி எங்கே என்று சொல்லாது.
சூப்புக்கு உப்பு மாதிரி அதை நானே போடுகிறேன்.
இதுவரை நான் கட்டியது எதுவும் விழவில்லை."
ஒரு வரியில் பதில் வந்தது:
"எப்படி என்று விளக்கவும்."

முப்பது வருஷம் போயிற்று.
சோல்வெய்க்கும் இன்ஜினியர், காகித ஆலையில், கொதிகலன் பிரிவு.
மகன் டெரெக்கின் நோட்டில்
பெருக்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் கம்பி.
கட்டம், கட்டத்துக்குள் கோணல் கோடு,
கோட்டுக்கு இரண்டு பக்கமும் எண்கள் குளிரில் ஒண்டி நின்றன.
கீழே ஒரு கேள்வி: "இந்த விடை உனக்கு என்ன உணர்வைத் தந்தது?"
"பசி" என்று எழுதியிருந்தான்.
முழு மதிப்பெண்.

விடுவாளா?
மறுநாள் மாலை, எட்டு வயசு நாற்காலியில்
முட்டி காதைத் தொட உட்கார்ந்து
மிஸ்டர் ப்ரூடோவிடம் சண்டை போட்டு,
எழுந்து, பலகையில் எழுதியும் காட்டினாள்:
"நாற்பத்தேழை முப்பத்தாறால். பாருங்கள்.
ஜன்னல் வேண்டாம், கதவு வேண்டாம்."
அடியில் இரட்டைக் கோடு.
நானூற்று இருபத்து மூன்று.

ஹீட்டர் மட்டும் டொக் டொக் என்றது.
"அம்மா," என்றான் டெரெக், அவள் ஸ்வெட்டரை இழுத்து,
"ஐம்பது முப்பத்தாறே ஆயிரத்து எண்ணூறு ஆச்சே.
கொஞ்சம்தானே குறையணும்?"

ஓர் இடம் தள்ளி எழுத மறந்திருந்தாள்.

ப்ரூடோ நல்ல மனுஷர். பச்சை மையில்
"முயற்சி அருமை" என்றுமட்டும் எழுதினார்.
(சிவப்பு மனசைப் புண்படுத்துமாம்.)

தமிழில் எண்ணுவது என்றால்
விரல் மடக்குவதும் அதுவே, யோசிப்பதும் அதுவே.
அவர்களுக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொல்,
சொல்லுக்கு ஒரு கட்சி.
பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஆட்சி கவிழும்,
புத்தகம் மாறும்,
சமையலறையில் யாராவது ஒருவர் அழுவார்.
பெரும்பாலும் பெற்றோர்.

இரவு போனில் அப்பாவிடம் ஒப்புக்கொண்டாள்.

"எவ்வளவு தப்பு?"
"சரியாக நாலு மடங்கு."
"கூடவா, குறையவா?"
"குறைய."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"கவலைப்படாதே" என்றார் ஆர்விட்.
"இதற்காகத்தான் நான் எப்போதும்
ஐந்து மடங்கு போட்டுக் கட்டுவேன்."