மூன்றாம் இலை

வின்டனில் மூன்று நாள் மழைக்குப் பின் வெயில்.
ஐல்சா மண்டியிட்டு
ரைபுல் தூர் ஒன்றைப் பிரித்து எண்ணுகிறாள்:
ஒன்று. இரண்டு. மூன்றாவது, முக்கால் நீளம்.

நேற்றே விட்டிருக்கலாம் என்கிறான் ரோரி.
நேற்றென்றால் வெறும் நீர்ப்புல்;
கறவைக்கூடச் சுவரெங்கும் கழிச்சல் தெறித்திருக்கும்.
அடுத்த வாரமென்றால் நான்காம் இலை.
அது தலைகாட்டினால்
முதல் இலை மஞ்சளாகிச் சாகும்,
தண்டில் நார் ஏறும்,
மடி சுருங்கும்.

சட்டைப்பையில் வங்கிக் கடிதம்,
இன்னும் பிரிக்கவில்லை.

மணி ஐந்து.
பகல் முழுக்க வெயில் தின்ற புல்
இப்போதுதான் இனிக்கும்.
ஓர் இலையைக் கடித்துத் துப்பிவிட்டு
மின்கம்பியைச் சுருட்டுகிறாள்.

இருநூற்றுப் பதினான்காம் எண் பசு
அவளைப் பார்க்காமலே நுழைந்து
நாக்கைச் சுழற்றுகிறது.
சரக்.

ரோரி வாயே திறக்கவில்லை.