சுமையா

ஊருக்குப் போகும் வருடங்களில் மட்டும்
அலமாரிக்குள்ளிருந்து வெளியே வரும் தராசு.
கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால்
முப்பது கிலோவுக்கு மேல்
ஒரு சோப்புக்கட்டி இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

நேற்று இரவு அதில்
மகளின் பள்ளிப் பையை மாட்டினேன்.
எட்டுக் கிலோ நானூறு.
நம்பாமல் இறக்கி வைத்து மறுபடி தூக்கினேன்.
எட்டுக் கிலோ நானூற்றைம்பது.
"தண்ணி பாட்டில் இன்னும் வைக்கல வாப்பா."

அவளே முப்பத்தோரு கிலோதான்.
ஆறாம் வகுப்பு.

பெருநாள் கழிந்த வாரத்திலிருந்து வலி.
எங்கே என்று கேட்டால்
உள்ளங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து
என் வயதுக்காரனைப் போல நின்று காட்டினாள்.
உம்மா அவளைத் தனியே அழைத்துப் போய்
மெல்லிய குரலில் ஏதோ கேட்க,
"அது இல்ல உம்மா!"
வரவேற்பறை வரை கேட்டது.

ரூவி கிளினிக்கில்
நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள்,
யகரத்தை இரண்டாக அழுத்தி:
சுமைய்யா.
உயர்ந்தவள் என்று அர்த்தமாம் அரபியில்,
பெயர் வைத்த அன்று சொன்னார்கள்.
தமிழ் டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போதுதான்
அது கேள்வியாகிவிடுகிறது.
சுமையா?
"ஆமா மிஸ்" என்பார்களாம் கடைசி பெஞ்சுப் பையன்கள்.

டாக்டரிடம் பையின் எடையைச் சொன்னேன்,
கிராம் வரைக்கும்.
பள்ளிக்கூடத்தின் மேல்
முழு வழக்கும் தயாராக வைத்திருந்தேன்.
அவர் தலையாட்டிவிட்டு
வேறெதையோ கேட்டார்:
எங்கே உட்கார்ந்து படிக்கிறாள்?

கட்டிலில்.

மேசை?

கட்டிலின் மேல் சாம்பல் நிறப் பெட்டி,
அதன் மேல் நோட்டு.
இரண்டு வருடமாக நிரப்பப்படாத பெட்டி.
அதற்குள் எங்கள் போர்வைகள் இருக்கின்றன.

விளையாட்டு?

நான் மனைவியைப் பார்த்தேன்,
மனைவி மகளைப் பார்த்தாள்.
லிஃப்ட், பஸ், வகுப்பு, பஸ், லிஃப்ட், கட்டில்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
பார்க்கிங்கில் பந்து உருட்டினால்
காவலாளி விசில் ஊதுகிறார்.

பையும்தான்,
பை மட்டும் இல்லை, என்றார் டாக்டர்.
மாத்திரை எழுதவில்லை.
ஒரு தாளில் நான்கு படங்கள், ஆறு வாரம், பதினைந்து ரியால்.
"நாலு படத்துக்கா?" என்றாள் மனைவி லிஃப்டில்.

இஷா தொழுகைக்குப் பிறகு
சோபாவைச் சுவரோடு தள்ளினோம்.
முதல் படம் பூனை.
கையும் முட்டியும் தரையில் ஊன்றி
முதுகை மேலே வளைக்கவேண்டும், பிறகு இறக்கவேண்டும்.
அவளுக்கு வெட்கம்.
"நீங்களும் செய்ங்க. அப்பதான்."

பத்தொன்பது வருடம்.
மத்ரா கிடங்கில் அரிசி மூட்டையில் தொடங்கிய முதுகு.
தைலம் வாங்கும்போதெல்லாம்
தலைவலி என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன்.
உள்ளே எங்கோ
பிஸ்கட் உடைந்தது போல ஒரு சத்தம்.
அவள் சிரித்ததில் தரையிலேயே சரிந்துவிட்டாள்.
கீழ்வீட்டு எகிப்துக்காரர் கம்பால் தட்டினார்.

எழுந்து ஓடிப் போய்
தராசை எடுத்து வந்தாள்.
கொக்கியை என் கைலி மடிப்பில் மாட்டி
முக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"லிமிட் தாண்டிட்டீங்க வாப்பா.
கூட காசு கட்டணும்."

படுக்கும் முன் பையைத் திறந்தோம்.
அட்லஸ், யாரோ திருப்பித் தராத கதைப்புத்தகம்,
மூன்று பழைய தேர்வுத்தாள்,
கடற்கரையில் பொறுக்கிய ஒரு கல்.
கல்லைத் தரமாட்டேன் என்றாள்.
மீதி எழுநூறு கிராம் வீட்டில் தங்கியது.

காலை ஐந்து ஐம்பது.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்
பை நடந்து போகிறது,
அதன் கீழே இரண்டு கால்கள்.
கூப்பிட்டேன், திரும்பவில்லை.
மறுபடி கூப்பிட்டேன்,
அந்த நர்ஸைப் போல
யகரத்தை நன்றாக அழுத்தி.

மேலே பார்த்தாள்,
என்ன என்று முகம் சுளித்து,
ஒரு கை இடுப்பில்.