ஒன்று புள்ளி மூன்று

தண்ணீருக்குள் கம்பியை இறக்கி
எண் நிலைக்கும்வரை குனிந்திருக்கிறாள் தாரிகா.
ஒன்று புள்ளி மூன்று.
மீன் மூச்சுவிடக் குறைந்தது மூன்று வேண்டும்.

மூன் ஆற்றில் சித்திரை.
புத்தாண்டுக் கூட்டம் விகாரைப் படித்துறையில்.
புஞ்சாயின் தொட்டிகள்மேல் விலைப்பலகை:
விலாங்கு விட்டால் வேலை வழுக்கிக்கொண்டு நடக்கும், நாற்பது பாட்.
நத்தை விட்டால் மனக்கசப்பு இறங்கும், இருபது.
கெண்டைக் குஞ்சு பை நூறு, உயிர்ப்பிச்சை.
கீழே வளைவில் அவன் மைத்துனன் வலையோடு நிற்பது
ஊருக்கே தெரியும்.
இந்த விலாங்குக்கு இது மூன்றாவது விடுதலை.

விலாங்கு தலையைத் தூக்கிக் காற்றைக் குடித்துக்கொள்ளும்.
கெண்டைக்கு அந்த வித்தை வராது.

மேலே சர்க்கரை ஆலை.
காலையில் அவள் காப்பியில் அதன் சர்க்கரை, இரண்டு கரண்டி.
என் மொழியில் இதற்கொரு சொல் உண்டு, தாரிகா.
துன்பத்தின் சங்கிலியில் பழைய பௌத்தர் கோத்த கண்ணி அது.
இன்று கடைவீதியில் நடப்பதற்கும் அதே பெயர்:
நுகர்வு.

விச்சியன் பையோடு வருகிறான்.
மனைவிக்கு நாளை மார்பில் அறுவை.
கொல்லாதே, முதல் சீலம். பொய்யுரைக்காதே, நான்காவது.
நடுவில் கருவியைப் பிடித்துக்கொண்டு இவள்.
"இங்கே விட்டால் செத்துப்போகும்."
அவன் கோபிக்கவில்லை. பையைப் பார்த்தான்.
"அப்போ எங்கே?"

பைக்கில் போனார்கள்.
பாலத்தடி: ஒன்று புள்ளி ஆறு.
பழைய குளம்: தூர்த்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள்.
அணைக்கட்டு: இரண்டு புள்ளி ஒன்று.
"பரவாயில்லையா?" என்றான்,
பேரம் படியாத குரலில்.

இருட்டிக்கொண்டு வந்தது.
என்ன நினைத்தாளோ, பையை அவிழ்த்து
அதற்குள்ளும் கம்பியை விட்டாள்.
நான்கு புள்ளி எட்டு.
அன்று அவள் அளந்ததிலேயே நல்ல தண்ணீர்
அந்தப் பைக்குள்தான் இருந்தது.

அவன் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
பை அவள் கைக்கு வந்தது.

இரவு மூன்று மணிக்கு வழக்கமான விழிப்பு,
மூன்று கோடையாக நெஞ்சின்மேல் கிடக்கும் அதே கல்.
எழுந்தாள்.
குளியலறைத் தொட்டியில் காற்றுக் குழாய் கொப்புளிக்கிறது.
முந்நூறு வாய்கள் திறந்து மூடுகின்றன.
இரண்டு மிதக்கின்றன.
அவற்றைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தாள்,
பாதித் தண்ணீரை மாற்றினாள்,
கம்பியை விட்டாள்.

என்ன எழுதுவதென்று தெரியாமல்
எண்ணை மட்டும் அவனுக்கு அனுப்பினாள்:
ஐந்து புள்ளி இரண்டு.

உடனே பார்த்துவிட்டான்.