ஒன்பது புள்ளி எட்டு

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
கடைசி லாரி பதினொன்றுக்கு இறங்கும்.
முதல் லாரி நாலரைக்கு ஏறும்.
நடுவில் கிடக்கும் ஐந்தரை மணி நேரம்
எனக்கு.

எடைமேடைக் கணினியில் ஓடுவது
நான் எழுதிய நிரல் என்று ஊரில் சொல்கிறார்கள்.
நான் எழுதியது இரண்டாயிரம் வரி.
மிச்சம் நாற்பதாயிரமும்
முகம் பார்த்திராதவர்கள் எழுதியது.
நான் அழைத்தது பதினான்கு பேரை.
அவர்கள் தங்கள் ஆட்களோடு வந்தார்கள்,
அந்த ஆட்கள் தங்கள் ஆட்களோடு.
பத்திரிகை வைத்த வீட்டைவிடப்
பந்தியில் உட்கார்ந்த வீடு அதிகம்.

போன வாரம் அறிவிப்பு வந்தது.
கோப்பைப் பிரித்துப் படிக்கும் ஒரு சின்ன நூலகம்,
பெயரைக்கூட நான் கவனித்ததில்லை,
அதில் ஓட்டை.
கடுமை, பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு.
இடைநிலைப்பள்ளியில் நான் வாங்காத மதிப்பெண்.

ஓட்டை நேற்று விழுந்ததல்ல.
ஊருக்குத் தெரிந்ததுதான் நேற்று.
தெரியாதவரை அது கூரையில் ஒரு புள்ளி வெளிச்சம்.
தெரிந்த பிறகு
எந்த நாட்டிலோ எவனோ
ஏணியோடு கிளம்பியிருப்பான்.

"ஓடுதுதானே? ஓடுறத ஏன் தொடணும்?"
என்றார் மேனேஜர் புவனேந்திரன்.
ஜன்னல் வழியே வேலியோரச் செம்பனையைக் காட்டினேன்.
மட்டையெல்லாம் பச்சை. குலையும் தள்ளுகிறது.
அடித்தண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காளான்.
அவருக்குக் கணினி தெரியாது,
மரம் தெரியும்.
காளான் வெளியே வரும் நாளில்
உள்ளே பாதி மாவாகியிருக்கும் என்று தெரியும்.
"நாலரைக்குள்ள முடிச்சிரு" என்றார்.

ஒன்றை உயர்த்தினேன்.
அது இன்னொன்று புதிதாக வேண்டும் என்றது.
அந்த இன்னொன்று,
எண்களைக் கூட்டிக் கழிக்கும் நூலகத்தின்
அடுத்த பதிப்பு இல்லாமல் நகரமாட்டேன் என்றது.
வெளியே மழை. இணையம் சொட்டுச் சொட்டாக.
காவலாளி தேக் பகதூர்
பூட்டு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு போனான்,
நேற்றும் இழுத்துப் பார்த்த அதே பூட்டுகளை.

இரண்டே கால்.
நூற்றுப் பன்னிரண்டு சோதனை.
நூற்றுப் பதினொன்று பச்சை.
ஒன்று சிவப்பு.

குலை எடை 7,640 கிலோ.
ஈரத்துக்குக் கழிவு நூற்றுக்கு மூன்று.
எதிர்பார்த்தது 7,410.
வந்தது 7,411.

புதுப் பதிப்பு கெடுத்துவிட்டது என்று
திட்டிக்கொண்டே தாளில் போட்டுப் பார்த்தேன்.
ஏழாயிரத்து நானூற்றுப் பத்து புள்ளி எட்டு.
இன்னொரு தரம் போட்டேன்.
பழையது புள்ளிக்குப் பின்னால் இருந்ததை
வெட்டி எறிந்திருக்கிறது.
ஒவ்வொரு முறையும். கீழ்நோக்கியே.

எதிர்பார்த்தது 7,410 என்று எழுதியவள் நான்.
ஆறு வருடத்துக்கு முன்னால்
திரையில் வந்த விடையைப் பார்த்து
அதையே சரியான விடையாக எழுதிவைத்தேன்.
ஆறு வருடமும் பச்சை.

நாளைக்கு அறுபது சிறுதோட்டக்காரர் லாரி.
பாதிக்கு ஒரு கிலோ.
வருடத்துக்கு முந்நூறு நாள்.
ஐம்பத்து நான்கு டன்.
ஏணி வைத்து எவனும் ஏறவில்லை.
வாசல் வழியாகவே போயிருக்கிறது,
ரசீதோடு.

சிவப்பைப் பச்சையாக்க
ஒரு எண்ணை மாற்றினால் போதும்.
மாற்றினேன். அதுதான் சரி.
ஆனால் அதற்கு மேலே
என்ன மாறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லிக்
கட்டம் ஒன்று திறந்து நிற்கிறது.
"பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்று எழுதினேன்.
பொய் இல்லை.
தே-ஓ ஆறிப்போகும்வரை
அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடியில் சேர்த்தேன்:
"எடையை இதுவரை குறைத்துப் போட்டோம்."

நாலரைக்கு சந்தனசாமியின் லாரி ஏறியது.
சீட்டு வந்தது.
பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
எப்போதும்போல.

எட்டு மணிக்குப் புவனேந்திரன் வருவார்.
ஓடுதா என்பார்.
ஓடுது என்பேன்.
கொஞ்சம் உட்காருங்க என்பேன்.