நிலை: பரிசீலனையில்

எங்கள் லைனிலிருந்து தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குத்
தொண்ணூற்று மூன்று படி.
மேட்டில்தான் டவர் எடுக்கும்.
படி ஏற முடியாதவள் என்று
என்னை எழுதிவிட்டார்களா என்று பார்க்கப்
படி ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

சொன்னதும் ரெஜினா சிரித்தாள்.
நானும் கொஞ்சம்.

ஆவணியில் கொடுத்த மனு.
இப்போது தை. உறைபனியில் கொழுந்து கருகி
சுட்ட காகிதமாய் நிற்கிறது காடு.
இ-சேவைப் பையன் ஒவ்வொரு தடவையும்
திரையைத் திருப்பிக் காட்டுகிறான்:
நிலை: பரிசீலனையில்.
நிலை என்றால் நிற்பதுதானே.
நின்றால், கால் மணிக்குப் பிறகு
இந்த இடுப்பு என்னுடையதில்லை.

ஏழாம் நம்பர் காட்டில்
காட்டுமாடு என்னைத் தொடவேயில்லை.
செடிக்குள்ளிருந்து எழுந்து
ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான்.
மீதியைச் சரிவு பார்த்துக்கொண்டது.

கோத்தகிரி முகாமில் டாக்டர்
முழங்காலை மடக்கி அளந்தார்,
இடுப்பைத் திருப்பி அளந்தார்.
மகன் ஜியாமெட்ரி பெட்டியில் இருப்பது போல
ஏதோ ஒன்று வைத்திருந்தார்.
எழுதிக்கொண்டே கேட்டார்:
"படி ஏறுவீங்களாம்மா?"

பதினெட்டு வயதிலிருந்து
மேஸ்திரி எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய வாய்
அன்றைக்கும் தானாகச் சொன்னது:
"ஏறுவேன் சார்."

எப்படி ஏறுவேன் என்று அவர் கேட்கவில்லை.
பக்கவாட்டில், சுவரைப் பிடித்து,
ஒரு காலை வைத்து
மற்றதைப் பச்சைப்பிள்ளை மாதிரித் தூக்கி வைத்து,
இருபது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து,
அன்றிரவு முழுக்க வெந்நீர்ப் பையோடு.
அந்த ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் இருந்தது.
அவர் பேனாவுக்குள் போனதோ என்னவோ.

நாற்பது சதவீதம் வேண்டும்.
முப்பத்தெட்டு என்றால்
எனக்கு ஒன்றுமே இல்லை என்று பொருள்.
ராத்திரி இரண்டு மணிக்கு
அந்த இரண்டைத் தேடுகிறேன்.
கணுக்காலில் இருக்குமா,
விழுந்த அன்றைக்குச் சரிவிலேயே
விட்டுவிட்டு வந்தேனா.
தகரக் கூரையில் குரங்கு ஓடினால் அதிருமே,
நெஞ்சு அப்படி.
சவரிமுத்து புரண்டு படுத்து,
"வந்தா வரும், தூங்கு" என்கிறார்.
அவருக்கு வருகிறது, தூக்கம்.

வலிக்கிற நாளைவிட
வலிக்காத நாளுக்குத்தான் பயம் அதிகம்.
போன செவ்வாய்க்கிழமை
துணி காயப்போட்டு நிமிர்ந்தேன், சுருக்கென்று ஒன்றுமில்லை.
மேலே ரோட்டில் யாரோ
பைக்கை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான்.
உடனே நொண்டினேன்.
நிஜமாய் நொண்டுகிறவள்
நொண்டுவதுபோல் நடித்தேன்.
அவன் ஒண்ணுக்கு இருந்துவிட்டுப் போய்விட்டான்.

கேத்தியிலிருந்து பூண்டு மூட்டை வருகிறது.
உட்கார்ந்தபடி வேர் நறுக்கும் வேலை.
படபடவென்று வந்தால்
ஒரு பல்லை நகத்தால் நசுக்குவேன்.
அந்த நெடி உச்சிக்கு ஏறி இறங்கும்வரை
நாற்பதும் இல்லை, முப்பத்தெட்டும் இல்லை.
டாக்டர் எழுதித் தந்த மருந்தில்லை இது,
நானே கண்டுபிடித்தது.
வெள்ளிக்கிழமை மட்டும்தான் மேட்டுக்கு என்று
ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்.
இரண்டு வாரம் அதை மீறினேன்.

தபால் கொடுக்கும் போஜண்ணனுக்கு விஷயம் தெரியும்.
நான் ஏறி வரக் கூடாதென்று
ரோட்டிலிருந்தே கூப்பிட்டு,
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார்.
எத்தனை ஆபீசில் எத்தனை பேர்
எனக்குக் கை விரித்திருக்கிறார்கள்;
இவ்வளவு அன்பாக யாரும் விரித்ததில்லை.

இன்றைக்கு வெள்ளி.
அறுபத்தோராம் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு கோடு டவர் வந்துபோனது போலிருக்கிறது,
மடியில் போன் ஒரு தரம் அதிர்ந்தது.
கேஸ் கம்பெனியாக இருக்கலாம்.
கையெல்லாம் பூண்டு வாசம்.
பனி மூட்டத்தில் எங்கள் லைனின் கூரை
பாதிதான் தெரிகிறது.

இன்னும் முப்பத்திரண்டு இருக்கிறது.
முதலில் மூச்சு வரட்டும்.